தரைக்கு மேலே நாலு மீட்டர்

ஹாயில் செய்த ஒரே தவறு சட்டத்தை மதித்ததுதான். அதைத் தவிர அவரிடம் வேறு கெட்ட பழக்கம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வருடம் எங்கள் பாலைவன ஊரான அஸ்ரக்கில் எல்லார் கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தலைநகருக்குக் குழாய் போகிறது. இன்னொரு பக்கம் பெரிய தோட்டக்காரர்கள் உறிஞ்சுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் மோட்டாரைப் போட்டால் முதலில் காற்று வரும், அப்புறம் கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கடைசியில் அதற்கு மனசு வந்தால் தண்ணீர் வரும். என் தோட்டத்துக்கும் ஹாயில் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கருங்கல் சுவர்தான். அவருடைய மோட்டார் இருமினால் என் வீட்டில் கேட்கும்.

ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹாயில். மாதுளையும் ஒலிவமும் வைத்திருந்தார். மனைவி தர்ஃபா. மகன் ஃபரஜ் அகபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஊர் வழக்கப்படி, மகன் பெயரைச் சேர்த்து, அப்பா அபூ ஃபரஜ், அம்மா உம் ஃபரஜ்.

கிணற்றின் அடியில் இன்னும் இரண்டு ஆள் ஆழம் தோண்டிவிட்டால் சில வருடத்துக்குக் கவலையில்லை என்று ஹாயில் கணக்குப் போட்டார். நானும் கூட இறங்கினேன். கருங்கல் பொடிக்குக் கீழே பச்சையும் சாம்பலுமாக ஒரு களிமண் வந்தது. அந்தக் களிமண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு, பாதாம்பருப்பு வடிவத்தில், இரண்டு பக்கமும் செதுக்கிய கற்கள் கிடைத்தன. கூடவே கல்லாகிப்போன ஒரு பல்லும் கிடைத்தது. செங்கல் பெரிசு இருக்கும். எந்த வாயில் இருந்த பல்லாக இருந்தாலும் அந்த வாயைப் பார்க்காமல் போனதே நல்லது என்று தோன்றியது.

தர்ஃபா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒரு ஓரமாப் போட்டு மூடிட்டு வேலையப் பாருங்க."

"கிடைச்சா தெரிவிக்கணும், உம் ஃபரஜ். சட்டம்."

"சட்டத்துக்கா தாகம் எடுக்குது? மாதுளைக்குத்தான் எடுக்குது."

"எத்தனை வருஷம் சீருடை போட்டவன் நான். என்னால முடியாது."

"சீருடைய அவுத்துட்டீங்க. அதுதான் உங்களுக்கு இன்னும் ஞாபகம் வரல."

ஹாயில் மறுநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு போய்த் தெரிவித்துவிட்டு வந்தார்.

வந்தது தொல்காலநிலை மற்றும் ஆதிக் குடியேற்ற உயர் ஆணையம். இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் இருக்கும் இந்தப் பள்ளமான படுகைக்கு ஆதிமனிதர்கள் ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. வெள்ளைக் கார்களில் வந்து இறங்கினார்கள். கிணற்றைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பலகையை நட்டார்கள். பிறகு, அந்தப் பலகையை யாரும் தொடக்கூடாது என்று இன்னொரு பலகை நட்டார்கள்.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் முஹன்னத். கேட்க நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஒலிபெருக்கியைக் கொண்டுவந்துவிட்டதால் அதில்தான் பேசினார்.

"அன்பார்ந்த படுகை மக்களே. இங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்தது. யானை குளித்தது. காண்டாமிருகம் நீர் அருந்தியது. ஆதிமனிதன் கரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கினான். பிறகு மழை நின்றது, அவன் போய்விட்டான். அவனுக்கு நம் ஆணையம் என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு ஆணையம் இல்லை. இருந்திருந்தால் அவன் போவதை நாம் முறையாகக் கவனித்திருப்போம்."

பிறகு ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுச் சாதாரணக் குரலில் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று ஹாயில் கேட்டார்.

"அபூ ஃபரஜ், உங்க கிணத்துல இருக்கிறது போன வருஷத்து மழையா? இல்ல. யானை குளிச்ச காலத்து மழை. தரைக்கடியில தேங்கி நிக்குது. கல்லு மட்டும் தொல்பொருள் இல்ல, அந்தத் தண்ணியே தொல்பொருள். நீங்க இத்தனை வருஷமா அத எதுக்கு ஊத்தியிருக்கீங்க?"

"மாதுளைக்கு. நடுவுல கொஞ்சம் தக்காளி."

"தக்காளிக்கு," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

"நல்லா வந்துச்சு டாக்டர்," என்றார் ஹாயில். ஆறுதலுக்குச் சொன்னதுதான்.

மோட்டாருக்கு முத்திரை வைத்தார்கள். குடிப்பதற்கு மட்டும் வாரம் ஒரு டிரம் தண்ணீர் வரும் என்றார்கள். வந்தது. மரத்துக்கு அதில் ஒரு சொட்டும் போகக்கூடாது என்பது நிபந்தனை. ஹாயில் அதையும் மதித்தார். தர்ஃபா பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து, அவர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது வாசல் மாதுளைக்கு ஊற்றிவிடுவார். அவரும் திரும்பியே நிற்பார்.

ஆணையத்தில் இரண்டு பிரிவுகள். காலநிலைப் பிரிவுக்கு டாக்டர் உபைதா. குடியேற்றப் பிரிவுக்கு டாக்டர் ஸாஹிரா என்கிற அம்மாள். ஈரம் வந்ததால் மனிதன் வந்தான் என்பது உபைதாவின் கட்சி. மற்ற இடமெல்லாம் காய்ந்ததால் மனிதன் இங்கே ஒதுங்கினான் என்பது ஸாஹிராவின் கட்சி. எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. ஆனால் ஏதோ ஒரு மாநாட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் யார் தலைவர் பக்கத்தில் உட்காருவது என்று தகராறாகி, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எனவே கிணற்றின் நடுவாக ஒரு கயிறு கட்டி, இந்தப் பக்கம் காலநிலை, அந்தப் பக்கம் குடியேற்றம் என்று பிரித்துக்கொண்டார்கள். கயிறு நேராகப் போக வேண்டும் என்பதால் வீட்டுக்குள்ளும் போனது. அடுப்படி குடியேற்றப் பிரிவில் விழுந்தது. கழிப்பறை காலநிலைப் பிரிவில் விழுந்தது. காலையில் ஹாயில் கையில் செம்போடு கயிற்றோரம் நின்று, உபைதாவின் ஆள் தலையசைத்த பிறகுதான் குனிந்து நுழைவார்.

பேச்சு இல்லாத இருவருக்கும் நடுவே தூது போனதும் ஹாயில்தான். மாத்தே என்கிற இலைத் தேநீர் ஊற்றிய கிண்ணத்தை ஒருவரிடம் கொடுத்துச் சேதி வாங்கி, அதே கிண்ணத்தை நிரப்பி மற்றவரிடம் கொண்டுபோவார்.

"டாக்டர் உபைதா சொல்றாரு, உங்க கல்லு எங்க களிமண்ணுல கிடக்குதாம். எடுத்துக்கச் சொல்றாரு."

"கல்ல எடுக்க வேண்டியதில்ல, அவரு களிமண்ண எடுத்துக்கட்டும்னு சொல்லுங்க," என்பார் ஸாஹிரா.

ஸாஹிரா அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தர்ஃபா துடைப்பத்தை எடுத்ததும் பதறி எழுந்தார்.

"பெருக்காதீங்க உம் ஃபரஜ். நீங்கதான் இப்ப இந்தப் படுகையோட கடைசி அடுக்கு. தினம் தினம் பெருக்கி எவ்வளவு விஷயத்த அழிச்சிருக்கீங்க தெரியுமா?"

"என் மாமியாருக்கும் நான் பெருக்குறதுல குறை இருந்துச்சு," என்றார் தர்ஃபா. "ஆனா அது வேற குறை."

பெருக்க முடியவில்லை. அடுப்படியில் வெங்காயத்தோல் சேர்ந்தது. தர்ஃபாவுக்கு அது உடம்பில் ஏறிய மாதிரி இருந்தது. தூக்கத்திலும் கையை ஆட்டிப் பெருக்குகிறாள் என்று ஹாயில் என்னிடம் சொன்னார். அவருக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போவார், மரத்துக்கு வருவார், இலையைத் திருப்பிப் பார்ப்பார், மறுபடி வாசலுக்குப் போவார். ஒலிவம் தாங்கும். மாதுளை தாங்காது. பிஞ்சுகள் கோலிக்குண்டு பெரிசிலேயே வெடித்து உதிர ஆரம்பித்தன.

கடைசியில் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். ஆணையம் கூடியது. நான் வாழ்நாளில் பார்த்த அரசாங்க முடிவுகளில் அதைப் போல வேகமாக வந்தது வேறில்லை. டாக்டர் உபைதாவே நேரில் வந்து கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள் அபூ ஃபரஜ். அனுமதி கிடைச்சிருச்சு. ஏரியோட உண்மையான நீர்மட்டம் எதுவோ, அந்த மட்டத்துலேர்ந்து நீங்க எடுத்துக்கலாம். எவ்வளவு வேணும்னாலும்."

"ரொம்ப நன்றி டாக்டர். எவ்வளவு ஆழம்?"

"ஆழம் இல்ல. ஈரமான காலத்துல இங்க தண்ணி உங்க தரைக்கு மேல நாலு மீட்டர் நின்னுருக்கு. கரைக்கோட்ட அளந்து உறுதி பண்ணியாச்சு. அதுதான் உண்மையான மட்டம். இப்ப கீழ இருக்கே, அது தற்காலிகமான இறக்கம். அத நாங்க மட்டம்னு ஏத்துக்க முடியாது."

ஹாயில் தலையைத் தூக்கி நாலு மீட்டர் உயரத்தில் பார்த்தார். ஒரு வானம்பாடி போனது.

"அங்க தண்ணி இல்லையே டாக்டர்."

"அது காலநிலையோட குறை. ஆணையத்தோட குறை இல்ல."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஆய்வாளர் வந்து, அனுமதித்த மட்டத்தில் மோட்டார் பொருத்தப்படவில்லையே, அனுமதியைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று எச்சரித்தார். ஹாயில் ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் இரும்புக் குழாய்களை நிறுத்திச் சாரம் கட்டினார். நானும் இன்னும் இரண்டு பேரும் மோட்டாரைக் கயிறு போட்டு மேலே தூக்கிக் கொடுத்தோம். அது அங்கே வேலைக்குப் போகாத மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆய்வாளர் திருப்தியோடு போனார். அடுத்த வாரம் காலநிலைப் பிரிவினர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தர்ஃபா கீழே நின்று பார்த்தார். "கூரையில ஏறி நின்னா உங்களயும் படம் பிடிப்பாங்க," என்று மட்டும் சொன்னார்.

மரங்களின் நுனி பழுப்பானதும் ஹாயில் தலைநகருக்கே பஸ் ஏறினார். திரும்பி வந்து அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவருக்கு இந்தக் கதியே வந்திருக்காது.

ஆணையத்தின் கட்டடம் பளிங்கு. உள்ளே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் எங்கள் படுகையைப் பழைய ஏரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் யானை, பிளாஸ்டிக் காண்டாமிருகம், நாணல். தண்ணீர் மட்டும் நிஜம். ஒரு சின்ன மோட்டார் அதை இடைவிடாமல் சுற்றி ஓடவைத்துக்கொண்டிருந்தது. ஹாயில் அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். இருமல் இல்லாத மோட்டார். தன்னை அறியாமல் கையை விட்டு அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். காவலாளி ஓடிவந்தான்.

"ஐயா, ஏரியத் தொடக்கூடாது."

"இது எங்க ஊரு ஏரி தம்பி."

"இருக்கட்டுங்க. இங்க வந்துட்டா ஆணையத்தோடது."

தலைவர் அன்பாகத்தான் வரவேற்றார். காப்பி வந்தது. கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தது. ஹாயில் தண்ணீரை முதலில் குடித்தார்.

"மரம் காயுது டாக்டர்."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எந்தப் பக்கத்துலேர்ந்து காயுது? நுனியிலயா, அடியிலயா? மேற்கு வரிசை முதல்லயா, கிழக்கு வரிசையா?"

"எல்லாப் பக்கமும்."

"அருமை," என்றார் தலைவர். "அபூ ஃபரஜ், எங்க கஷ்டத்தக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாங்க எப்பவும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போய்ச் சேருவோம். ஏரி வத்தி, ஆளுங்க போயி, எலும்பு கல்லான பிறகு. ஒரு வறட்சி எப்படித் தொடங்குது, ஒரு குடும்பம் எப்படித் தடுமாறுதுன்னு தொடக்கத்துலேர்ந்து பார்க்குற பாக்கியம் இந்தத் துறையில யாருக்கும் கிடைச்சதில்ல. நீங்க எங்களுக்குப் பண்ற உதவி உங்களுக்கே தெரியாது. உங்களுக்காகவே ஒரு தனிப் பிரிவு தொடங்கச் சொல்லியிருக்கேன்."

"ஒரு டேங்கர் தண்ணி மட்டும் விட்டீங்கன்னா..."

"விட்டா ஆய்வோட முடிவு கெட்டுப்போயிடுமே," என்றார் தலைவர். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்ததாம்.

திரும்பி வந்த அன்று மாலை ஹாயில் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தர்ஃபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். போயிருக்கலாம், போகவில்லை.

"ஃபரஜ் வரச் சொல்றான்," என்றார் தர்ஃபா. "ஒரு ரூம் காலியா இருக்காம். கடல் தெரியுமாம்."

"கடல வச்சு என்ன பண்றது?"

"பார்க்கலாம். யாரும் வந்து முத்திரை வைக்க முடியாது."

அவர் சாரத்தின் மேல் இருந்த மோட்டாரை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நீ அன்னிக்குச் சொன்னப்பவே மூடியிருக்கணும்," என்றார்.

"ஆமா. மூடியிருக்கணும். சொன்னது நான், மூடாதது நீங்க. அதுக்காக உங்கள இந்தக் கயித்துக்கு நடுவுல விட்டுட்டுப் போவேனா? எழுந்திரிங்க. பெட்டியெல்லாம் பரண் மேல இருக்கு, எனக்கு எட்டாது."

அவர் எழுந்து உள்ளே போகும்போது கயிற்றைக் குனிந்து கடக்கவில்லை. கையால் பிடித்து அறுத்துவிட்டுப் போனார். அத்தனை நாளில் அவர் கையால் நடந்த முதல் சட்டமீறல் அது. தர்ஃபா உள்ளே போனதும் துடைப்பத்தை எடுத்துவிட்டார் என்று சத்தத்தில் தெரிந்தது. இருட்டும் வரை பெருக்கினார்.

அவர்கள் கிளம்ப வைத்திருந்த நாளில்தான் ஆணையம் தன் பெருங்கூட்டத்தையும் வைத்திருந்தது. மாதுளை வரிசைக்கு நடுவே கூடாரம் போட்டார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள், அதிகாரிகள், அவர்களின் டிரைவர்கள் என்று கூட்டம். விருந்தினர்களின் கோட்டில் புழுதி படியாமல் இருக்க, அதிகாலையிலேயே ஒரு டேங்கர் வந்து சாலையிலிருந்து கூடாரம் வரை தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. பிக்கப் வண்டியில் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்த ஹாயில், கையில் கயிறோடு அப்படியே நின்றார். ஈரம் மரங்களிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டது.

ஸாஹிரா அவசரமாக வந்தார். "அடுப்ப மட்டும் அப்படியே விட்டுட்டுப் போங்க உம் ஃபரஜ். கைவிடப்பட்ட அடுப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"நாங்க எதையும் கைவிடலயே," என்றார் தர்ஃபா. "நீ அந்தப் பக்கம் பிடிம்மா." ஸாஹிரா என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு பக்கம் பிடித்தார். அடுப்பு வண்டியில் ஏறியது.

வண்டியைக் கிளப்பினால் போக வழியில்லை. வாசல் முழுக்க வெள்ளைக் கார்கள். டிரைவர்கள் எல்லாரும் கூடாரத்துக்குப் பின்னால் மன்சஃப் கறிச்சோற்று அண்டாக்களைச் சுற்றி நின்றார்கள். ஹாயில் ஹாரன் அடித்தார். ஒரு காவலர் வந்து விரலை உதட்டில் வைத்தார்.

"தலைவர் பேசுறாருங்க. முக்கியமான இடம்."

"நாங்க போகணும் தம்பி."

"அதப் பத்தித்தான் பேசுறாரு. கொஞ்சம் பொறுங்க."

ஹாயில் இறங்கிக் கூடாரத்தின் ஓரம் வந்து என் பக்கத்தில் நின்றார். தர்ஃபாவும் வந்தார். தலைவர் கண்ணாடி போட்டு, கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். குரல் தழுதழுத்தது.

"இந்த மண்ணில் அவர்கள் வாழ்ந்தார்கள். இங்கே சமைத்தார்கள், இங்கே குழந்தை வளர்த்தார்கள். பிறகு ஒரு நாள், இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன்? எத்தனை அறிஞர்கள் இந்தக் கேள்வியின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர் இன்று நம் முன்னால் வந்து நின்று, நாங்கள் இதற்காகத்தான் போனோம் என்று சொல்ல மாட்டாரா?"

ஹாயில் கையைத் தூக்கினார்.

ராணுவத்தில் தூக்கிய மாதிரி, நேராக. தலைவர் முதலில் பார்க்காத மாதிரி இருந்தார். முன்வரிசையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சுட்டிக் காட்டியதும் வேறு வழியில்லாமல் போய்விட்டது.

"கேள்விகள் கடைசியில்," என்றார் தலைவர்.

"கேள்வி இல்ல டாக்டர். பதில்," என்றார் ஹாயில். "தண்ணி கேட்டோம். இல்லன்னுட்டாங்க. அதான் போறோம். அவங்களும் அதுக்குத்தான் போயிருப்பாங்க. ஆனா அவங்க யார்கிட்ட கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

காலநிலைப் பிரிவு குடியேற்றப் பிரிவைப் பார்த்தது. வெகுகாலத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"உள்ளூர் மக்களிடமிருந்து சுவையான ஒரு யூகம். நன்றி. இதற்கு மேலும் சான்றுகள் தேவைப்படும்."

"தேடுங்க," என்றார் ஹாயில். "முதல்ல அந்தக் காரக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

டிரைவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கார்களை நகர்த்தினார்கள். தர்ஃபா என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன். பிக்கப் ஈரச் சாலையில் ஏறியது. பின்னால் அடுப்பு, மெத்தை, இரண்டு பெட்டி. ஹாயில் திரும்பிப் பார்க்கவில்லை. தர்ஃபா பார்த்தார், என்னை அல்ல, மரங்களை. வண்டி நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி மறையும் வரை நான் நின்றேன்.

தலைவரும் காத்திருந்தார். சத்தம் முழுக்க அடங்கிய பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்தார்.

"அந்தோ," என்று வாசித்தார், "அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்."

கூடாரம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.